தாழி, தேரிச் சில்லு, கல்வட்டம்: ஊர்த் தொல்லிடத்தைத் தோண்டாமல் பதிவு செய்வது எப்படி

தொல்பழங்காலக் கலை, கட்டடம் என்றால் பிரான்சின் லாஸ்கோ குகைக் காளைகள், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச், துருக்கியின் கோபெக்லி தெபே என்றுதான் பேச்சு போகும். நெல்லைச் சீமையில் இருப்பவர் அவற்றைப் படத்தில்தான் பார்க்க முடியும். ஆனால் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் மழை அரித்த பரம்பில் (சரளை மேட்டில்) தலைகாட்டும் தாழி (இறந்தவரைப் புதைத்த பெரிய பானை) விளிம்பையும், சாத்தான்குளத்துத் தேரியில் (செம்மணல் மேட்டில்) காற்று மணலை விலக்கிய இடத்தில் கிடக்கும் பிறை வடிவக் கற்கருவியையும் நேரிலேயே பார்க்கலாம், அளக்கலாம், எழுதி வைக்கலாம். அதற்கு நாடாவும் பென்சிலும் கைபேசியும் பொறுமையும் போதும். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே சொல்கிறோம்.

எடுக்கக் கூடாது, தோண்டக் கூடாது. இது முதல் விதி. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டு மத்திய சட்டமும் 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் தடுக்கின்றன. மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுமியைக் காலக்கணிப்புக்கு அனுப்பி, கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். அந்த உமி தாழிக்குள், கலையாத மண்ணோடு இருந்ததால்தான் அந்த ஆண்டுக்குப் பொருள் உண்டு. அதே உமியை யாரோ அள்ளி வந்து மேசைமேல் வைத்திருந்தால், அது எந்தத் தாழியைச் சேர்ந்தது, பின்னால் எலி கொண்டுபோய்ப் போட்டதா என்று எதையும் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் கோபெக்லி தெபே. 1963-ல் இஸ்தான்புல், சிகாகோ பல்கலைக்கழகங்களின் கூட்டுக் கள ஆய்வு அந்த மேட்டைப் பார்த்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பிற்காலக் கல்லறைக் கற்கள் என்று எடுத்துக்கொண்டது. தவறான கணிப்பு. ஆனால் அங்கே சிக்கிமுக்கிக் கற்கருவிகள் கிடக்கின்றன என்பதையும் எழுதி வைத்தது. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு 1994-ல் ஜெர்மன் தொல்லியலாளர் க்ளாஸ் ஷ்மிட் அங்கே போனார். மறு ஆண்டு அகழாய்வு தொடங்கி, ஏறத்தாழ 11,500 ஆண்டுப் பழமையான, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள டி வடிவத் தூண்கள் வெளியே வந்தன. கணித்தவர் தப்பினாலும் குறித்தது காப்பாற்றியது. நீங்கள் செய்யப்போவதும் குறிக்கும் வேலைதான். இது எந்தக் காலம், யார் வைத்தது என்று அன்றே முடிவு கட்ட வேண்டியதில்லை.

போகும் முன்

காலம் பார்த்துப் போங்கள். ஆற்றங்கரைப் பரம்புகளில் ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணை அரித்துப் புது விளிம்புகளைக் காட்டும்; ஆனால் உடனே புல் மண்டிவிடும். மாசி, பங்குனியில் புல் காய்ந்த பிறகு போனால்தான் தரை தெரியும். தேரிக்கு வேறு கணக்கு. ஆனி, ஆடிக் காற்று மேல்மணலை நகர்த்திய பிறகு, அடியில் இறுகிய பழைய செம்மணல் வெளிப்படும். ஆவணி, புரட்டாசியில் போவது நல்லது. ஆடிக்காற்று அடிக்கும்போதே போனால் கண்ணிலும் கேமராவிலும் மணல்தான் மிஞ்சும்.

ஊரில் கேட்கும் சொல் சரியாக இருக்க வேண்டும். 'தொல்லியல் தடயம் உண்டா' என்றால் யாருக்கும் புரியாது. 'மதமதக்கத் தாழி', 'பாண்டியன் குழி', 'பெரிய பானை கிடைச்ச இடம்' என்று கேட்டால் ஆடு மேய்ப்பவர், பனை ஏறுபவர், கிணறு வெட்டியவர் எல்லாரும் கை காட்டுவார்கள். கிணறு வெட்டியவருக்கு எத்தனை அடியில் ஓடு வந்தது என்பதும் நினைவிருக்கும். அந்த ஆழத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்காரரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். 'அண்ணாச்சி, போட்டோ மட்டும் எடுத்து அளந்துக்கிடுதேன், ஒரு ஓட்டைக்கூடத் தொட மாட்டேன்' என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 'அரசாங்கம் நெலத்த எடுத்துக்கிடுமோ' என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 'எடுக்கவே எடுக்காது' என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. மஞ்சள், குங்குமம் பூசிய கல்லாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, கொடை (சாமிக்கு எடுக்கும் திருவிழா) நடத்துகிற குடும்பத்திடம் கேட்டுவிட்டு அளவெடுங்கள். களக்காடு, முண்டந்துறை மலைப்பக்கம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவே கூடாது. அது புலிகள் காப்பகம்.

கொண்டு போக வேண்டியவை: 30 மீட்டர் நாடா ஒன்று, 3 மீட்டர் இரும்பு நாடா ஒன்று, திசைகாட்டி, நூல் பந்து, ஆணிக்குப் பதிலாக எட்டு மூங்கில் முளைகள், மேஸ்திரி வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும், கட்டத்தாள், பென்சில் (பேனா வேண்டாம், வேர்வையில் கரையும்), கைவிளக்கு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அளவுகோலை நீங்களே செய்யலாம். ஒரு மீட்டர் நீளப் பட்டைக் குச்சியில் 10 செ.மீ.க்கு ஒரு கட்டம் வீதம் கறுப்பும் வெள்ளையுமாக அடியுங்கள். சிறு பொருளுக்கு 10 செ.மீ. அட்டை ஒன்று, ஒவ்வொரு செ.மீ.க்கும் நிறம் மாற்றி. காலுக்கு மூடிய காலணி. தேரியிலும் கல்குவியலிலும் சுருட்டை விரியன் உண்டு. கல்லைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இடத்தைப் பிடிப்பது

போன உடனே அளக்கத் தொடங்காதீர்கள். கால் மணி நேரம் சும்மா சுற்றி நடந்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு இருப்பிடம். கைபேசியின் இருப்பிடக் கருவி திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் வரை தவறும். செயலியைத் திறந்ததும் காட்டும் எண்ணை எழுதாமல் மூன்று நான்கு நிமிடம் நின்று, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். தசமத்தில் ஐந்து இடம் வேண்டும். நான்கு இடத்தோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை இடம் மாறிப்போகும், ஐந்தாம் இடம் என்றால் ஒரு மீட்டர். கைபேசி எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். கோயில் மதிலின் மூலை, குளத்து மடை, பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று நகராத ஒன்றிலிருந்து தூரமும் திசையும் அளந்து எழுதுங்கள். பனைமரத்தை அடையாளமாக வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள். புல எண்ணையும் (சர்வே எண்) சேர்த்துக் குறித்தால் பின்னால் வருவாய்த் துறைக்கு எழுதும்போது வேலை சுலபம்.

திசைகாட்டியை மோட்டார் சைக்கிள், கம்பிவேலி, இரும்பு நாடா மூன்றுக்கும் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, சுமார் இரண்டு பாகைக்குள். எந்த வடக்கு என்று மட்டும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

கற்கள் சிதறிக் கிடக்கும் இடத்தை வரைய எளிய வழி இரண்டு முளை முறை. 10 மீட்டர் இடைவெளியில் 'அ', 'ஆ' என்று இரண்டு முளை அடியுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் 'அ'-விலிருந்து ஒரு தூரம், 'ஆ'-விலிருந்து ஒரு தூரம். வீட்டுக்கு வந்து கட்டத்தாளில் கவராயத்தால் இரண்டு வில் போட்டால் வெட்டும் புள்ளியே கல் இருக்கும் இடம். இரண்டு வில்லும் இரண்டு இடத்தில் வெட்டும் என்பதால், கல் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுத மறக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் வரையும்போது கல்வட்டம் (ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) உடைந்த வளையலாக நிற்கும். இன்னொரு பிழை சரிவில் வரும்: நாடாவைத் தரையோடு போட்டால் தூரம் கூடுதலாக வரும். நாடாவை ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித்தான் அளக்க வேண்டும்.

படம் எடுக்க ஒரு வரிசை உண்டு. முதலில் ஊர், மலை தெரியும் தூரக் காட்சி. அடுத்து இடம் முழுவதும். பிறகு ஒவ்வொரு பொருளும் அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலோடு ஒன்று. அளவுகோல் பொருளின் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். பானை விளிம்பு ஒரு மட்டத்திலும் கோல் அரையடி கீழேயும் கிடந்தால் அளவு பொய் சொல்லும். காலை எட்டரைக்குள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் கல்லின் பள்ளம் மேடு எதுவும் படத்தில் வராது.

தாழி

நெல்லைச் சீமையின் தொல்பழங்காலக் கட்டுமானம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது தாழிக்காடுதான். ஆதிச்சநல்லூரில் தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் மேடு முழுக்க, சரளையையும் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) பாறையையும் குடைந்து தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். 1876-ல் ஜெர்மானியரான பெடோர் ஜாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கல விலங்கு உருவங்கள், இரும்பு ஆயுதங்கள் எல்லாம் பெர்லினுக்கும் சென்னைக்கும் போய்விட்டன. எந்தத் தாழியில் எது எதன்மேல் இருந்தது என்பது அன்று எழுதிய அளவுக்குத்தான் இன்று தெரியும். தாழி இருந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே பார்க்க அங்கே இப்போது வசதி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படத்தில் பார்த்த தாழியின் அளவு வேறு, குழிக்குள் நிற்கும் தாழியின் அளவு வேறு. மேற்கே தென்காசி மாவட்டம் திருமலாபுரத்தில் பலகைக்கற்களால் செவ்வகமாக அடைத்து, அதற்குள் தாழி வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஊரில் தாழி விளிம்பு தெரிந்தால் சுற்றிலும் பலகைக்கல் வரிசை தலைகாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மண்ணில் தெரியும் வளைந்த ஓடு எல்லாம் தாழி ஆகிவிடாது. உறைகிணற்றின் உறையும் பழைய குதிரின் உடைசலும் அதே செந்நிறம், அதே தடிப்பு. உறையின் வளைவு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு, விளிம்பு தட்டை. தாழியின் வாய் வெளிப்பக்கம் மடிந்து உருண்டிருக்கும், கழுத்துக்குக் கீழே விரலால் அழுத்திய கயிறு போன்ற பட்டை ஓடியிருக்கும் வாய்ப்பு உண்டு, உடல் கீழே போகப் போகக் குறுகும். முறிவைப் பாருங்கள்: தாழி மண்ணில் கரடுமுரடான மணலும் உமியும் கலந்திருக்கும்.

வாயின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தாலும் முழு வாயின் அகலத்தைக் கணக்கிடலாம். விளிம்பின் இரண்டு முனைகளுக்கும் நேராக ஒரு நூலைப் பிடித்து அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நூலின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நூல் நீளத்தை அதனாலேயே பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நூல் 30 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்றால் 900 ÷ 40 = 22.5, அதோடு 2.5 கூட்ட 25. வாயின் விட்டம் 50 செ.மீ. துண்டு மிகச் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். உயரம் ஒரு செ.மீ.க்குக் கீழே போனால், அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே விட்டம் பத்து சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். அப்போது 'கணிக்க இயலாது' என்று எழுதுவதே நேர்மை. வீட்டில் உடைந்த பூந்தொட்டி ஒன்றில் பழகிப் பாருங்கள். முழுத் தொட்டியின் அளவு தெரியுமாதலால் உங்கள் கை எவ்வளவு தப்புகிறது என்பது விளங்கும்.

தாழியைச் சுற்றிக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடக்கும். உள்ளே கறுப்பு, வெளியே வாய்ப்பக்கம் கறுப்பு, கீழே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதில், காற்றுப் புகாத பக்கம் கறுத்தது. அடுப்புக்கரி படிந்த சாதாரணச் சட்டியை இதோடு குழப்பிக்கொள்வது புதியவர்களின் வழக்கமான பிழை. கரி வெளிப்புறத்தில், அடிப்பக்கத்தில் படியும். கறுப்பு சிவப்பு ஓட்டில் கருமை முறிவின் உள்ளேயும் இறங்கியிருக்கும். ஓட்டின் மேல் கீறல் இருந்தால் குறியீடா, ஏர்முனை பட்டதா என்று பாருங்கள். ஏர் கீறிய கோடு பளிச்சென்று புதுமண் நிறத்தில் இருக்கும், முறிவையும் தாண்டி ஓடும். பழைய குறியீட்டின் பள்ளத்தில் ஓட்டின் நிறமே படிந்திருக்கும். கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் கிடைத்த ஓர் ஓட்டில் பெண், மான், முதலை உருவங்களை மண்ணால் ஒட்டிச் செய்திருக்கிறார்கள். அப்படி ஒன்று தேங்காய் நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போயே போய்விடும். வெண்ணிறக் கோலப் புள்ளிகள் தீட்டிய ஓடுகளுக்கும் அதே கதிதான்.

தாழியின் வாய்க்குள் மண் நிறைந்திருந்தால் ஒரு விரல்கூட விடாதீர்கள்.

தேரிச் சில்லு

சாயர்புரம், குட்டம்புளி, மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று தேரி ஓரத்து ஊர்களின் பெயர் உலகத் தொல்லியல் ஏடுகளில் வருவதற்குக் காரணம் அங்கே கிடக்கும் சில்லுகள், அதாவது கல்லில் தட்டிக் கழற்றிய சிறு துண்டுகள்தான். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் தொடங்கிவைத்த தேடலைத் தொல்லியலாளர்கள் ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் தொடர்ந்து, 1956-ல் இந்தியத் தொல்லியல் துறையின் இதழில் எழுதினார்கள். கடல்மட்டம் ஏறி இறங்கியதை வைத்து கி.மு. 4000 வாக்கில் என்று கணித்தார்கள். கலை என்றால் ஓவியம் மட்டும்தானா? இரண்டு செ.மீ. பிறையை, ஒரு பக்கம் நேர்க்கூராகவும் மறுபக்கம் கொத்தி மழுக்கியும் வெங்கச்சாங்கல்லில் எடுத்த கை, குகைச்சுவரில் காளை வரைந்த கைக்கு இளைத்ததில்லை என்பது எங்கள் கட்சி.

சில்லுகள் உதிர் மணலில் இருக்காது. இறுகிய பழைய செம்மணல் தெரியும் பள்ளங்களில், ஓடை வெட்டிய கரைகளில் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை வெங்கச்சாங்கல். இடையிடையே பழுப்பு நிறச் செர்ட் (சிக்கிமுக்கி இனக் கல்). மனிதன் உடைத்த சில்லுக்கு அடையாளம் மூன்று. அடிபட்ட இடத்தில் சிறு தட்டை மேடை; அதன் கீழே உட்பக்கம் லேசாகப் புடைத்த குமிழ்; குமிழிலிருந்து அலையலையாக விரியும் வளையங்கள். செர்ட்டில் மூன்றும் தெளிவாகத் தெரியும். வெங்கச்சாங்கல் தாறுமாறாக உடையும் கல் என்பதால் குமிழ் தெரியாமலும் போகும். அதில் ஓரத்தைப் பாருங்கள். ஒரே ஓரத்தில், ஒரே பக்கமாக, சீரான இடைவெளியில் சிறு சிறு கொத்தல்கள் இருந்தால் அது கை வேலை. கொத்தல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரு பக்கமும் இருந்தால் மாட்டு வண்டி, டிராக்டர், காலணி எதுவும் செய்திருக்கலாம்.

சாலையோரத்தை நம்பாதீர்கள். கிரஷர் ஜல்லியும் ரயில் பாதைக் கல்லும் அருமையான சில்லுகளைத் தரும், குமிழ்கூட இருக்கும். தார்ச்சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் கிடைப்பதற்குச் சந்தேகக் குறி போட்டுவிடுங்கள். சுற்றுமுற்றும் அதே நிறக் கருங்கல் ஜல்லி கிடந்தால் முடிந்தது கதை.

எண்ணும் முறை: நூலால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டுங்கள். மூலை நேராக இருக்கிறதா என்று அறிய இரண்டு குறுக்கு அளவுகளும் 7.07 மீட்டர் வருகிறதா பாருங்கள். உள்ளே குனிந்து வரிசையாக நடந்து, பிறை, கூர்முனை, சுரண்டி, சில்லு கழற்றிய மூலக்கல், வெறும் கழிவுச் சில்லு என்று வகைவாரியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். புதியவர் எல்லாரும் அழகான பிறையை மட்டும் எண்ணிவிட்டுக் கழிவை விட்டுவிடுவார்கள். உண்மையில் கழிவுதான் பேசும். மூலக்கல்லும் கழிவும் நிறைந்து கருவி குறைவாக இருந்தால் அது கருவி செய்த இடம். கருவி நிறைந்து கழிவு குறைவாக இருந்தால் வேறெங்கோ செய்து இங்கே கொண்டுவந்து புழங்கியிருக்கிறார்கள். பிறையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் இந்த விகிதத்தையே கெடுத்துவிட்டுப் போகிறார். அடுத்து வருகிறவர் அது கழிவுக்களம் என்று எழுதுவார்.

பொத்தையும் பாறையும்

பொத்தைகளில் (சிறு பாறைக்குன்றுகளில்) பாறைமேல் இருக்கும் குழிகளில் பெரும்பாலானவை தொல்பழங்காலத்தவை அல்ல என்ற நினைப்போடு ஏறுங்கள். வரிசையாகச் செவ்வகச் சிறு குழிகள் என்றால் கல் உடைக்க உளி இறக்கியவை. நேர்ச்சுவரோடு, கைநுழையும் அளவில், சதுரமாக நான்கு மூலைக்கு நான்கு என்றால் பந்தக்கால் நட்டவை. இரண்டு வரிசையில் ஏழேழு என்றால் ஆடு மேய்த்தவர் பல்லாங்குழி ஆடியது. இவற்றில் எதிலும் சேராத, கிண்ணம்போல் வழுவழுப்பான குழிகள்தான் கவனிக்கத் தக்கவை. விட்டம், ஆழம், ஒன்றுக்கொன்று தூரம் மூன்றையும் குறியுங்கள்.

ஓவியம் இருக்குமா என்று மழைநீர் படாத உட்சாய்ந்த பாறை ஒதுக்கில் பாருங்கள். தமிழகத்தில் கீழ்வாலை, கரிக்கியூர் போன்ற இடங்களில் செங்காவியும் வெள்ளையும்தான் நிறம். செந்நிறக் கறை எல்லாம் காவி அல்ல. பாறையின் இரும்புத்துரு மேலிருந்து கீழாக நீர் வழிந்த தடத்தில் இறங்கும். வரைந்த கோடு அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டும். மங்கியிருந்தால் டீ-ஸ்ட்ரெட்ச் என்ற நிறப்பிரிப்பு மென்பொருளில் படத்தைப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத செம்மை மேலெழும்பும். ஆனால் அது துருவையும் மேலே கொண்டுவரும். ஆகவே மென்பொருள் காட்டியதோடு மூலப்படத்தையும் சேர்த்தே வையுங்கள்.

தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் சாக்பீஸால் கோட்டின்மேல் வரைவதும் நாசவேலை. தண்ணீர் பாறைக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து மேலே இழுத்து வரும். காயும்போது உப்பு படிகமாகி வண்ணத்தை உரித்துத் தள்ளும். லாஸ்கோவில் பார்வையாளர் மூச்சுக்காற்றும் ஈரமும் சுவரில் பாசியையும் படிவையும் வளர்த்ததால் 1963-ல் குகையை மூடினார்கள். ஓவியத்தின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளைச் சுண்ணப்படிவைச் சுரண்டவும் கூடாது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், லெயாங் கரம்புவாங் குகை ஓவியத்துக்கு 51,200 ஆண்டு என்று 2024-ல் வெளியிட்ட கணிப்பு, அப்படிப் படிந்த படிவில் இருந்த யுரேனியத்தை அளந்து எடுத்ததுதான். மேலே படிந்தது 51,200 ஆண்டு என்றால் அடியில் இருக்கும் ஓவியம் குறைந்தது அவ்வளவு பழையது. படிவைச் சுரண்டினால் அந்தக் கணக்கும் போயிற்று.

கல்லின் எடையும் சூரியனும்

கல்வட்டத்திலோ பலகைக்கல் அறையிலோ ஒவ்வொரு கல்லின் நீளம், அகலம், தடிப்பை மீட்டரில் பெருக்கி 2.7-ஆல் பெருக்கினால் டன் கணக்கில் எடை வரும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் தடிப்பு: 0.9 கன மீட்டர், சுமார் 2.4 டன். மூலை மழுங்கிய கல்லுக்குக் கால் பங்கு கழியுங்கள். பிறகு சுற்றுவட்டாரத்தில் அதே தடிப்பில் அடுக்கடுக்காக உரியும் பாறை எங்கே இருக்கிறது என்று தேடிக் குறியுங்கள். ஸ்டோன்ஹெஞ்சில் 25 டன் கற்கள் சுமார் 25 கி.மீ. வடக்கேயிருந்தும், சிறிய நீலக்கற்கள் வேல்ஸிலிருந்து 200 கி.மீ.க்கு மேலும் வந்திருக்கின்றன. நம் பக்கத்தில் கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை பெரும்பாலும் அடுத்த பொத்தையிலேயே கிடைக்கும்.

ஸ்டோன்ஹெஞ்ச் கோடை உதயத்தையும் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் குளிர்கால உதயத்தையும் பார்த்து நிற்கின்றன என்று படித்துவிட்டு, ஊர்க்கல்லுக்கும் அதையே சொல்லும் ஆசை வரும். கொஞ்சம் நிறுத்துங்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் திசை வடக்கிலிருந்து 66 பாகைக்கும் 114 பாகைக்கும் நடுவில்தான். 48 பாகை அகலம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீளக் கல்லைப் போட்டாலும் அதன் அச்சு அந்த அகலத்துக்குள் விழ நாலில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஏதாவது ஒரு நாள் உதயத்துக்கு அது பொருந்தத்தான் செய்யும். ஆகவே ஒரு கல் கிழக்கே பார்க்கிறது என்பது செய்தியே இல்லை. ஒரே இடத்தில் பத்து இருபது அமைப்புகள், எல்லாம் 66 பாகையை ஒட்டியோ 114-ஐ ஒட்டியோ நின்றால் அப்போது பேசலாம். அதுவரை பாகையை மட்டும் எழுதுங்கள்.

எழுதி அனுப்புவது

ஒரு பக்கம் போதும். ஊர், வட்டம், புல எண், அட்சரேகை தீர்க்கரேகை, நகராத அடையாளத்திலிருந்து தூரம், பார்த்த தேதி, கண்டவை, அளவுகள், இப்போதுள்ள ஆபத்து (ஜே.சி.பி., செம்மண் அள்ளுதல், வீட்டுமனை, ஓடை அரிப்பு). கண்டதையும் நீங்கள் நினைப்பதையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்; 'விட்டம் 50 செ.மீ. வாய்' என்பது கண்டது, 'இரும்புக்கால ஈமத்தாழி' என்பது நினைப்பு. வரைபடமும் ஆறு படங்களும் இணைத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நகல் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மண் அள்ளும் வண்டி நிற்கிறது என்றால் கடிதம் காத்திருக்காது. வட்டாட்சியரிடம் அன்றே நேரில் போங்கள்.

துல்லியமான இருப்பிடத்தை முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். 'ஆதிச்சநல்லூர் மாதிரி இங்கேயும் தங்கம்' என்று ஒருவர் எழுதினால் மறுநாள் இரவே கடப்பாரையோடு ஆள் வரும், தாழி மிஞ்சாது. கைபேசிப் படத்துக்குள்ளேயே இருப்பிட எண் ஒளிந்திருக்கும். பொதுவில் பகிரும் படத்தில் அதை நீக்கிவிடுங்கள். ஊர் பெயர் வரை சொன்னால் போதும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை முன்னால், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் போட்டு, பின்னால் ஊரும் எண்ணும் சேருங்கள். மூலப்படத்தைத் தொடாமல் தனி இடத்தில் ஒரு நகல் வையுங்கள். அடுத்த மழை கழிந்த பிறகு அதே முளைப் புள்ளிகளிலிருந்து மறுபடி அளந்து, புதிதாக எத்தனை விளிம்பு தெரிகிறது, பழையதில் எது உடைந்தது என்பதை அதே தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதுங்கள்.